ஒரு பெயரில் ஏழு பேர்

அத்தியாயம் 17

கணேஷ்குமாருக்கு முதல் அடி விழுந்தபோது காலை ஒன்பது மணி. கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தான். நிமிர்வதற்குள் யாரோ பிடரியைப் பிடித்து உள்ளே தள்ள, முகம் போய் நகல் எடுக்கும் இயந்திரத்தின் விளிம்பில் மோதியது. வாய் நிறைய ரத்தம். துப்பினான். முன்பல் ஒன்றும் கூடவே வந்து விழுந்தது.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்தவன் வாசலில் கிடந்த பூசணிக்காய்ச் சில்லை மிதித்து வழுக்கப் பார்த்தான். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு உடைத்தது. அதைக் கூட்டி அள்ள இந்தப் பபேடான் தெருவில் இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. குங்குமம் ஊறிய அந்தச் சிவப்பைப் பார்த்து அவன் சிரித்தான்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான் பர்மிய மொழியில்.

அவன் பெயர் கோ மின் ஸோ. மிங்கலாடோனில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஊ தெய்ன் ஹானின் அடியாள். வேலை கொடுக்கும்போதும் சிரிப்பான், ஆளை அடிக்கும்போதும் சிரிப்பான். அவனைச் சிரிக்காமல் பார்த்தவர்கள் இந்த ஊரில் குறைவு.

வாராவாரம் கூட வருகிறவர்களுக்கு நல்லையா வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. நல்லையா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவர் வைத்துவிட்டுப் போன தட்டச்சு, நகல் கடையை மூத்த மகன் தேவராஜ் கணினிக் கடையாக மாற்றினான். அவன் மனைவி ராதா, தம்பி கணேஷ்குமார், புருஷன் வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்த தங்கை சாந்தகுமாரி, எல்லோருக்கும் பிழைப்பு அந்தக் கடைதான். குடியிருப்பு அதே கட்டிடத்தின் மூன்றாம் மாடி. பதினோரு மாதமாக ஊ தெய்ன் ஹான் அனுப்பும் ஆட்களின் காகிதங்களை இங்கேதான் அடிக்கிறார்கள்.

போன வாரம் சாந்தி டாலாவுக்குப் படகேறிப் போய், தப்பி வந்த ஸமீரா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். மலேசியா தொழிற்சாலை என்று ஏற்றிப் போனவர்களை எல்லையில் ஒரு கட்டிடத்தில் பூட்டி வைக்கிறார்களாம். போனில் ஊரை ஏமாற்றும் வேலையாம். மாட்டேன் என்றால் மின்கம்பியால் சூடாம். ஸமீராவின் இரண்டு கைகளிலும் அந்தத் தழும்பை சாந்தி தொட்டே பார்த்தாள். வீடு திரும்பி, "நம்ம கையாலதானே இவங்க பேர அடிச்சோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ராதாவோ, "ஊர் வம்பு நமக்கு எதுக்கு? சாப்பிட வாங்க" என்று சோறு போட்டாள். அன்றிலிருந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு இல்லை.

சத்தம் கேட்டுத் தேவராஜ் படியிறங்கி ஓடி வந்தான். பின்னாலேயே ராதாவும் சாந்தியும். தம்பி தரையில் கிடந்ததைப் பார்த்ததும் தேவராஜ் பாய்ந்தான். இரும்புத் தடி ஒன்று அவன் நெஞ்சில் குத்தி நிறுத்தியது.

"உட்காருங்க ஸயா," என்றான் மின் ஸோ. ஆசிரியரையும் பெரிய மனிதரையும் கூப்பிடும் மரியாதைச் சொல் அது. அவன் வாயில் வந்தால் வசவு மாதிரி இருக்கும். "நேத்து காலைல பத்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம். எங்க சர்வர்ல இருந்து நாற்பத்து மூணு பேரோட காகிதம் மொத்தமா அழிஞ்சு போச்சு. அழிச்சவரு பேரு தேவராஜ்னு சர்வர் சொல்லுது."

"நானா? நேத்து நான்..."

"அதைத்தான் நானும் சொல்றேன். பத்து நாற்பத்திரண்டுக்கு நீங்க எங்க முதலாளி முன்னாடி உட்கார்ந்து லபே குடிச்சிட்டிருந்தீங்க. தேத்தண்ணிய ஊத்திக் குடுத்ததே நான்தான்." மின் ஸோ குனிந்து தேவராஜின் முகத்துக்கு நேரே வந்தான். "அப்ப உங்க பேர்ல எங்க வீட்டுக்குள்ள வந்தது யாரு?"

தேவராஜ் மூலையில் இருந்த பழைய கணினியைத் திரும்பிப் பார்த்தான். பயந்துகொண்டே இருந்த நாள் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அந்த இணைப்பின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஊ தெய்ன் ஹான் ஒரு கடைக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு இணைப்பு என்று வைத்திருந்தார். தேவராஜ் என்ற பெயரில் ஒரு கணினி சர்வருக்குள் போனால், இரண்டாவது கணினி அதே பெயரில் கதவைத் தட்டியதும் முதல் கணினியை அது வெளியே தள்ளிவிடும். தப்பு நடந்தால் பிடிப்பதற்கு ஒரே ஒரு கழுத்து இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

கடையில் ஏழு கணினிகள். வீட்டார் நாலு பேர், வேலைக்கு வந்து போகிறவர்கள் மூன்று பேர். ஆரம்பத்தில் முறை வைத்து வேலை செய்தார்கள். நல்லையா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தபோது சட்டையில் குத்திய பித்தளை வில்லை ஒன்று ஆணியில் தொங்கியது. அதை யார் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார்களோ அவர்தான் சர்வருக்குள் போகலாம். முடித்ததும் வில்லை அடுத்தவர் கைக்கு மாறும். "என் முறை, என் முறை" என்று அதற்காக அடித்துக்கொள்வார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம் மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று ஆனது. நாலு மணி நேரத்தில் ஏழு பேர் முறை வைத்தால் எங்கே முடியும்? தேவராஜ் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நிரலை எழுதினான். மூலையில் கிடந்த பழைய கணினியில் அதை ஓட விட்டான். அந்தத் தூதுப் பெட்டி தேவராஜ் என்ற பெயரில் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருக்கும். ஏழு கணினிகளும் தமக்கு வேண்டியதை அதனிடம் கேட்கும். அது ஒவ்வொன்றாகச் சர்வரிடம் கேட்டு வாங்கி, கேட்டவரிடம் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கும். சர்வருக்கு எதிரில் இருப்பது ஒரே ஆள். எந்தக் கணினி எதை எப்போது கேட்டது என்பதை மட்டும் பெட்டி தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். அது தேவராஜைத் தவிர யாருக்கும் புரியாத எண்களாக இருக்கும்.

பித்தளை வில்லை ஆணியிலேயே தங்கிவிட்டது.

"நாற்பத்து மூணு பேர் ஸயா," என்றான் மின் ஸோ. "நாளைக்கு வண்டி ஏற வேண்டியவங்க. பாஸ்போர்ட், கையெழுத்துப் போட்ட வெத்துத்தாள், அப்பா அம்மா விலாசம், எல்லாம் அதுக்குள்ளதான். நேத்து சாயங்காலம் விடுதியில ஒருத்தன்கூட இல்ல. யாரோ போன் பண்ணிக் கிளப்பி விட்டிருக்காங்க. இப்ப நாங்க யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டறது?"

"நகல் இருக்குமே..."

"நகல் எடுத்தா கை இருக்காதுன்னு முதலாளி சொன்னது மறந்து போச்சா? ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத்தான் உங்க வீட்டுல ஒருத்தர் அழிச்சிட்டாங்க. அந்த ஒருத்தர் யாருன்னு காட்டுங்க. கூட்டிட்டுப் போறோம். மத்தவங்க பிழைச்சுப் போகலாம்."

"மூலைப் பெட்டியிலதான் தெரியும். கரண்ட் இல்லாம அதை எப்படிப் பாக்கறது? பேட்டரி செத்துப் போச்சு."

"எப்ப வரும்?"

நேற்று இந்தத் தெருவுக்கு ஒன்பதிலிருந்து ஒன்று வரை முறை. இன்றைக்கு ஒன்றிலிருந்து ஐந்து. மின் ஸோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கதவை முக்கால்வாசி இறக்கச் சொன்னான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"காத்திருக்கலாம்," என்றான். "சும்மா இருந்தா தூக்கம் வரும்."

அவன் கண்ணைக் காட்டியதும் மற்ற இருவரும் கணேஷின் இடது கையை இழுத்து, இரும்பு அலமாரியின் திறந்த இழுப்பறைக்குள் வைத்தார்கள். ஒருவன் மணிக்கட்டை அழுத்திக்கொண்டான். மற்றவன் காலைத் தூக்கி இழுப்பறையை எட்டி உதைத்தான்.

அந்த அலறலை எழுத எனக்குக் கை வரவில்லை. எதிர்க் கடையில் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாந்தி அழவில்லை. பூஜையில் வைத்த காகிதம் வெட்டும் கத்தி மேஜையிலேயே இருந்தது, பிடியில் சந்தனமும் குங்குமமும் அழியாமல். எடுத்தாள். கணேஷின் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தவனின் முன்கையில் முழங்கையிலிருந்து கீழே வரை ஒரே இழுப்பு. சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது. அவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். அடுத்த நொடி மற்றவனின் தடி அவள் முழங்காலில் இறங்கியது. மடங்கி விழுந்தவளை இடுப்பில் இரண்டு முறை உதைத்தான்.

"சாந்தி!" தேவராஜ் எழுந்தான். மின் ஸோ தன் தடியை அவன் தோளில் லேசாக வைத்தான். லேசாகத்தான். தேவராஜ் உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்ததற்காக அவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ள நினைத்தான்.

ராதா மட்டும் சுவரோடு சுவராக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அழுகிறாளா என்று தேவராஜ் பார்த்தான், இல்லை. கொழுந்தனின் கை நசுங்கியபோதும், நாத்தனார் விழுந்தபோதும் அவள் இடத்தை விட்டு அசையவில்லை. 'கல்நெஞ்சுக்காரி' என்று தேவராஜ் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அந்தச் சொல்லுக்காக அவன் எவ்வளவு வருந்தப் போகிறான் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. தரையில் சிந்திய ரத்தத்தின் மீது ஈ மொய்த்தது. வெட்டுப்பட்டவன் ராதாவின் துப்பட்டாவைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு, கோபத்துக்கு ஒரு கணினித் திரை, வலிக்கு ஒரு கணினித் திரை என்று வரிசையாக உடைத்துக்கொண்டு போனான். மூலைப் பெட்டியை மட்டும் தொடவில்லை.

கணேஷ் தரையில் ஊர்ந்து அண்ணன் காலடிக்கு வந்தான்.

"அண்ணே," என்றான் தமிழில். பல் போன இடத்தில் காற்று புகுந்து சொல் குழறியது. "ஆசிக் பேரச் சொல்லிடுண்ணே."

தேவராஜ் அவனைப் பார்த்தான். ஆசிக் கடையில் வேலை செய்கிறவன். பகலில் மின்சாரம் வரும் நேரத்துக்கு வந்து அடித்துவிட்டுப் போவான். பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம்.

"அவன் நேத்து வந்தானே. பெட்டி எழுதற நம்பர் யாருக்குப் புரியப் போகுது? சொல்லிடுண்ணே. என்னால முடியலண்ணே."

"பேசாம இருடா."

"இன்னொரு தடவை இவங்க என் கையத் தொட்டா நான் செத்துருவேன்."

"அவனக் கொண்டுபோய் என்ன செய்வாங்கன்னு தெரியுமில்ல? தெரிஞ்சுக்கிட்டே எப்படிடா சொல்றது?"

கணேஷ் குப்புறப் படுத்து அழுதான். தேவராஜ் அவன் முதுகில் கை வைத்தான். ஆசிக்கின் பெயர் தன் நாக்கின் நுனிக்கும் ஒரு தடவை வந்து போனது என்பதை அவன் தம்பியிடம் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மேலே எங்கேயோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது. தெரு முழுவதும் பிள்ளைகளின் குரல் எழுந்தது. "மீ லா பியி! மீ லா பியி!" வெளிச்சம் வந்துவிட்டதாம். நாள் தவறாமல் கேட்கும் கூச்சல்தான். மாடிக்கு மாடி சோற்றுப் பானையையும் தண்ணீர் மோட்டாரையும் போட ஓடுகிற காலடிகள்.

மூலையில் தூதுப் பெட்டி முனகிக்கொண்டு விழித்தது.

"வாங்க ஸயா," என்றான் மின் ஸோ.

தேவராஜ் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் மின் ஸோ குனிந்து நின்றான். வெற்றிலை வாடை. திரையில் எண்கள் ஓடின. நேற்றைய தேதி. பத்து மணி நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

அந்த வரியின் முதல் எண் நான்கு.

நான்காம் எண் கணினி சாந்தியுடையது. ஜன்னல் ஓரத்து இரண்டாவது மேஜை. ஏழுக்கும் எண் ஒட்டியவன் அவனேதான்.

வேறு யாராக இருக்க முடியும்? டாலாவுக்குப் போய் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தவள் அவள். தலையில் அடித்துக்கொண்டு அழுதவள் அவள். கொஞ்ச நேரத்துக்கு முன் கத்தியை எடுத்தவளும் அவள். தேவராஜுக்குத் தங்கையை நினைத்துக் கோபம் வந்தது. கோபத்தோடு பெருமையும் வந்தது. ரெண்டும் சேர்ந்து கண்ணை மறைத்தன.

அவன் விரல் நகர்ந்தது. நேற்றைய குறிப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்தான். அழித்தான்.

"என்ன செஞ்ச?" 'ஸயா' போய்விட்டது.

"பெட்டி எழுதி வைச்சிருந்த குறிப்ப அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"இனிமே அது எதுக்கு? நான்தான் செஞ்சேன்." தேவராஜ் நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தான். "இந்தப் பெட்டி நான் எழுதினது. சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்யும். பத்து நாற்பத்திரண்டுக்கு அழிச்சிடுன்னு முந்தின நாளே சொல்லி வைச்சிட்டுத்தான் மிங்கலாடோனுக்குக் கிளம்பினேன். அந்த நேரத்துக்கு உங்க முதலாளி முன்னாடி உட்கார்ந்திருந்தா என்னை யாரு சந்தேகப்படுவாங்க? நீ ஊத்திக் குடுத்த தேத்தண்ணி நல்லா இருந்துச்சு."

மின் ஸோவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

பின்னால் சுவரோரமாக ஒரு அசைவு. ராதா இரண்டடி முன்னால் வந்தாள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று பர்மிய மொழியிலேயே ஆரம்பித்தாள்.

"அவரு இல்ல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அதைச் செஞ்சது..."

தேவராஜ் பாய்ந்து அவளை அறைந்தான்.

கலியாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. சாந்தியோடு பேச்சில்லாதவள், சாந்தியின் பெயரைச் சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அந்த அறையில் ராதாவின் தலை சுவரில் மோதியது. ஒரு காதுத் தோடு கழன்று உடைந்த கண்ணாடிக்குள் விழுந்தது.

"வாய மூடு!" என்று தமிழில் கத்தினான். "வீட்டு ஆளையே காட்டிக் குடுப்பியா? இன்னொரு வார்த்தை வந்துச்சு, கொன்னுருவேன்!"

ராதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது.

நியாயம் அநியாயம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தங்கையைக் காப்பாற்ற நினைத்தவன் அடித்தது கட்டின மனைவியை. அந்த ஒரு அறையை நான் அவனுக்கு மன்னிக்கத் தயாராக இல்லை.

மின் ஸோ தன் தடியை எடுத்தான். முதல் அடி தூதுப் பெட்டிக்கு. மூன்று வாரம் தூங்காமல் எழுதியது மூன்று அடியில் தகரமாயிற்று. அடுத்து தேவராஜின் வலது கையை மேஜை மேல் பிடித்து வைக்கச் சொன்னான். எலும்பு முறிந்த சத்தம் மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தேவராஜ் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் தாடையெல்லாம் ரத்தம்.

"எங்களுக்கு நாற்பத்து மூணு பேரும் வேணும்," என்றான் மின் ஸோ. "எங்க போனாங்கன்னு நீ சொல்ற வரைக்கும் உயிரோட இருப்ப. சொல்லாட்டியும் கொஞ்ச நாள் இருப்ப."

அப்போதுதான் தேவராஜுக்கு உறைத்தது. அந்த நாற்பத்து மூன்று பேர் எங்கே போனார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. எவ்வளவு அடித்தாலும் சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை.

கதவைத் தூக்கினார்கள். பட்டப் பகல், நடுத்தெரு. கடலைக்காரன், பூக்காரி, தொழுகை முடிந்து வருகிறவர்கள் என்று எல்லோரும் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவரவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெள்ளை வேனுக்குள் தள்ளும்போது தேவராஜ் திரும்பி, நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்த சாந்தியைப் பார்த்தான்.

"நாலாம் நம்பர் கணினிய இன்னிக்கே பிரிச்சுப் போட்டுரு சாந்தி," என்றான். "யார் வந்து கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா இரு."

கதவு மூடியது. வேன் பூசணிச் சில்லை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

சாந்தி அப்படியே நின்றாள். 'நாலாம் நம்பர்? எனக்கு ஒண்ணும் தெரியாதா?' முழங்கால் வலியைத் தாண்டி அந்தச் சொற்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கின. அண்ணன் தன்னைத்தான் நினைத்திருக்கிறான். தனக்காகத்தான் போயிருக்கிறான்.

ஆனால் அவள் எதையும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று ஏழு நாளாக நினைத்தாள். பயந்து பயந்து தள்ளிப் போட்டாள். நேற்றுக்கூடப் பத்தரை மணிக்கு அவள் பூக்காரியிடம் பேசிக்கொண்டு வாசலில்தான் நின்றாள்.

உள்ளே போய், ஜன்னல் ஓரத்து மேஜைக்கு அடியில் குனிந்தாள். தன் கணினியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். ஆறு.

முந்தாநாளைக்கு முந்தின நாள் அவளும் கணேஷும்தான் ஏழு கணினிகளையும் கழற்றிக் கீழே இறக்கினார்கள். துடைத்தார்கள். வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டார்கள். பூஜை முடிந்து, சாமிக்கு வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது என்று அப்படியே விட்டு, நேற்று விடிந்ததும் எடுத்து மாட்டினார்கள். கைக்கு எது வந்ததோ அதை எந்த மேஜை காலியோ அங்கே வைத்தார்கள். பொட்டு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர எண்ணை யார் பார்த்தார்கள்? தேவராஜ் அப்போது குளித்துக் கிளம்பி மிங்கலாடோன் பஸ்ஸில் இருந்தான்.

சாந்தி ஒவ்வொரு மேஜையாகத் தவழ்ந்து போனாள். ஒன்று. ஏழு. மூன்று. உடைந்த கண்ணாடி முழங்காலில் ஏறியது. சுவரோரத்துக் கடைசி மேஜைக்கு வந்தாள். சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அதற்குக் கீழே எண் நான்கு.

ராதாவின் மேஜை.

நிமிர்ந்து பார்த்தாள். ராதா அடிபட்ட இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில் நாலு விரலும் தடித்துக் கிடந்தன. கணேஷின் கையை மடியில் வைத்து ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் சாந்தி. ஏழு நாளைக்குப் பிறகு வந்த முதல் சொல். "நீங்களா?"

ராதா துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அந்த நாற்பத்து மூணுல பன்னிரண்டு பேருக்குப் பதினாறு வயசுகூட ஆகல சாந்தி. பதினெட்டுன்னு மாத்தி அடிச்சது நான்தான். அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ டாலாவுல இருந்து வந்து சொன்னியே, அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. உங்களுக்கெல்லாம் போட்டேன். நான் சாப்பிடல. யாரும் பார்க்கல."

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"தெரிஞ்சா அவரையும் சேத்துக் கொல்லுவாங்க. தெரியாம இருந்தா விட்டுருவாங்கன்னு நினைச்சேன். அவரு பேருலதான் இணைப்பு. அவரு அவங்க கண்ணு முன்னாடி இருக்கற நேரமாப் பாத்துத்தான் அழிச்சேன். அதுதான் அவருக்குக் காவல்னு நினைச்சேன்." கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதையே எடுத்துத் தன் கழுத்துல மாட்டிக்கிட்டாரு. சொல்ல வாயத் தொறந்தேன். அவரு என்னப் பேச விடல."

கணேஷ் தலையைத் திருப்பிக்கொண்டு விசும்பினான். ஆசிக்கின் பெயரைச் சொன்ன வாயை அவனால் இப்போது மூட முடியவில்லை.

"அந்தப் பசங்க எங்க இருக்காங்கன்னு அண்ணனுக்குத் தெரியாதே," என்றாள் சாந்தி. அவள் குரல் உடைந்தது. "என்ன கேட்டாலும் சொல்ல முடியாதே அண்ணி. அடிச்சே கொன்னுருவாங்களே!"

"எனக்குத் தெரியும்," என்றாள் ராதா. "போன் பண்ணிக் கிளப்பி விட்டதே நான்தான்."

எழுந்தாள். உடைந்த கண்ணாடிக்குள் கை விட்டுத் தோட்டைத் தேடி எடுத்து, துடைத்து, காதில் மாட்டிக்கொண்டாள். மின் ஸோவின் ஆள் துப்பட்டாவைக் கொண்டு போய்விட்டதால் சாந்தியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு சுவருக்குப் போய், பல மாதமாக யாரும் தொடாத ஆணியிலிருந்து மாமனாரின் பித்தளை வில்லையை எடுத்தாள். தூசியைத் துண்டின் நுனியில் தேய்த்தாள்.

"எங்க போறீங்க? அண்ணி! அவங்ககிட்டயா போறீங்க? அந்தப் பன்னிரண்டு பிள்ளைங்களக் காட்டிக் குடுத்து அண்ணன மீட்கப் போறீங்களா?"

ராதா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததா இல்லையா என்று அந்த வீங்கிய முகத்தில் சாந்தியால் படிக்க முடியவில்லை.

"வில்லை யாரு கையில இருக்கோ அவங்கதான் உள்ள போகணும்," என்றாள். "இப்ப என் முறை."

மிங்கலாடோன் பஸ் நிற்கும் முனையை நோக்கி அவள் நடந்தாள். பின்னால் முழங்காலை இழுத்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டபடி சாந்தி ஓடினாள்.